ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கின பையன்

போன எபிசோடு கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும், கூவம் பத்திப் பேசிக்கிட்டே திருவேற்காடு வரைக்கும் வந்து நிறுத்தினோம். இன்னைக்கும் அதே ஊர்லதான் ஆரம்பிக்கப்போறேன். ஆனா ஆறு இல்லை, கருமாரியம்மன் கோயிலும் இல்லை. ஒரு வகுப்பறையும் ஒரு டவுன் பஸ்ஸும்.

நான் எட்டாவது படிச்சது இந்தப் பக்கத்து ஸ்கூல் ஒண்ணுல. பேர் வேண்டாம். ஒரு நாள் காலைல அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சதும், கிளாஸ் டீச்சர் ஒரு லிஸ்ட்டைக் கையில எடுத்தாங்க. "ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எழுந்திருங்க"ன்னாங்க. ஆறு பேர் எழுந்தாங்க. டீச்சர் கோபமா சொல்லலை, கேலியாவும் சொல்லலை. ஃபார்ம்ல கையெழுத்து வாங்கணும், அவ்வளவுதான் அவங்க வேலை. என் பெஞ்சுல பக்கத்துல உட்கார்ந்திருந்தவனும் எழுந்தான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அந்த அரை நிமிஷத்துல வகுப்பு மொத்தமும் ஒரு பாடம் படிச்சுது. அதுக்குப் புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. ஆனா அன்னைக்கு யார் யார் எழுந்தாங்கன்னு இப்பவும் என்னால வரிசையா சொல்ல முடியும். அதே வருஷம் படிச்ச அறிவியல் புத்தகத்துல ஒரு வரி ஞாபகம் இல்லை.

சாயங்காலம் நானும் அவனும் ஒரே பஸ்லதான் வீட்டுக்குப் போவோம். அவன் எப்பவும் எனக்கு முன்னாடி இறங்கிடுவான். "கடைக்குப் போகணும்டா"ம்பான். அவன் வீட்டுக்கு அடுத்த ஸ்டாப்தான் பக்கம்ங்கறது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, வெயில்ல நடந்தே போயிருக்கான், தினமும். ஏன்னு அப்போ எனக்குக் கேட்கத் தோணலை. இந்த எபிசோடு முழுக்க அந்த 'ஏன்' பத்தித்தான்.

இன்னைக்குக் கேள்வி இதுதான்: பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு சாதியைப் பத்திச் சொல்லிக்கொடுக்கலாமா? சாதி இருக்கு, அது எப்படி வேலை செய்யுது, யாருக்கு எது கிடைக்காம போச்சு, இதையெல்லாம் பாடமா நடத்தலாமா? அமெரிக்காவுல இதே கேள்வியை நிறவெறி பத்திக் கேட்கிறாங்க. அங்க இது தேர்தல்ல ஓட்டு வாங்கற விஷயமாவே ஆயிடுச்சு. இங்க நமக்கு 2024 ஜூன்ல அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளயே வந்துச்சு. எந்தச் சம்பவத்தாலன்னு தெரிஞ்சிருக்கும். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில, ப்ளஸ் டூ படிச்ச ஒரு தலித் மாணவனை, அவன்கூடப் படிச்ச பசங்களே வீடு தேடிப் போய் வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கு அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில அரசு ஒருநபர் குழு போட்டுச்சு. 2024 ஜூன்ல அவர் அறிக்கை கொடுத்தார், 600 பக்கத்துக்கு மேல.

அறிக்கை வந்த வாரம் எங்க அபார்ட்மெண்ட் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் கொதிச்சுப் போச்சு. கையில கயிறு கட்டக் கூடாது, நெத்தியில அடையாளம் கூடாதுன்னு ஒரு பரிந்துரை இருந்துச்சு, எல்லாரும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. பா.ஜ.க.வும் அதை வெச்சுத்தான் அறிக்கையை எதிர்த்துச்சு. ஆறாம் வகுப்புல இருந்தே சாதிப் பாகுபாடு பத்திப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும்னு இருந்ததை யாரும் பெருசா பேசலை. பேசின ஒருத்தர் சொன்னது: "அது சவுத் சைடு பிரச்சினைங்க. இங்க யாரு சாதி பார்க்கறா? தெரியாத குழந்தைக்கும் நாமளே தெரிய வெச்சுடுவோம்."

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. இங்க யாரும் பார்க்கறதில்லைங்கறது ஒண்ணு. சொன்னாத்தான் தெரியும்ங்கறது இன்னொண்ணு. முதல் விஷயத்துக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை, பூந்தமல்லி ஹைரோடு பக்கம் வீடு வாடகைக்குத் தேடினவங்க யாரையாவது கேளுங்க. 'வெஜிடேரியன் ஒன்லி'ன்னு போர்டுல எழுதியிருக்கறது கத்திரிக்காயைப் பத்தி இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவதுக்கு வரலாறு வேணும்.

இரட்டைமலை சீனிவாசன் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கரோட போனவர். நம்ம ஜில்லாக்காரர். பழைய செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் பக்கத்துல கோழியாளம். அன்றைக்கு திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி எல்லாமே அதே செங்கல்பட்டு ஜில்லாதான். அவர் 1939-ல் தன் வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமா எழுதி வெளியிட்டார், 'ஜீவிய சரித்திர சுருக்கம்'னு பேர். அதுல கோயம்புத்தூர்ல படிச்ச காலத்தைப் பத்திக் கொஞ்சமாத்தான் எழுதியிருக்கார். அங்க 400 பேர் படிச்சாங்களாம். பத்துப் பேர் தவிர மத்தவங்க எல்லாரும் பிராமணப் பிள்ளைங்க. இவருக்கு என்ன பயம்னா, யார்கூடவாவது பழகினா ஊர் எது, வீடு எங்க, அப்பா யாருன்னு கேட்பாங்க, கேட்டா சாதி தெரிஞ்சுடும். அதனால காலைல வெளிய எங்கயாவது உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருப்பார். மணி அடிச்ச அப்புறம்தான் வகுப்புக்குள்ள போவார். சாயங்காலம் விட்டதும் மத்த பசங்க வந்து சேர்ந்துக்கறதுக்குள்ள வேக வேகமா நடந்து வீட்டுக்குப் போயிடுவார்.

இதை நான் காலேஜ் முடிச்சு வேலைக்குப் போன அப்புறம்தான் படிச்சேன். படிச்ச உடனே புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். என் பெஞ்சுக்காரன் ஏன் ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கினான்னு அப்போதான் புரிஞ்சுது. நடுவுல நூறு வருஷத்துக்கு மேல. கோயம்புத்தூர், திருவேற்காடு. வேக நடைக்குப் பதிலா பஸ் ஸ்டாப்.

அந்தப் பையன் வளர்ந்து என்ன ஆனார்ங்கறதும் முக்கியம். 1893-ல் தன் சாதிப் பேரையே தலைப்பா வெச்சு, 'பறையன்'னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். ஒளிச்சு வெச்ச அதே சொல். அதை அச்சடிச்சு விலைக்கு வித்தார். அப்புறம் சென்னை சட்டசபையில உறுப்பினர் ஆனார். 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எதுலயும் எந்தச் சாதிக்காரரும் போகத் தடை இருக்கக் கூடாது. தீர்மானம் நிறைவேறிச்சு, அரசாணையாவும் வந்துச்சு. வீட்டுக்குப் போற வழியை மறைச்ச பையன், ராஜதானி முழுக்கத் தெருவைத் திறந்துவிட சட்டசபையில பேசினார்.

இப்போ நம்ம பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைப் பாருங்க. இரட்டைமலை சீனிவாசன் அதுல இருக்கார். அயோத்திதாசர் இருக்கார், எம்.சி. ராஜா இருக்கார். சமச்சீர் புத்தகத்தைக் குறை சொல்றவங்க இதை மறந்துடக் கூடாது. எத்தனையோ மாநிலங்கள்ல இந்த வகைத் தலைவர்களோட பேரே பாடத்துல வராது. எல்லாப் புத்தகத்தோட ஆரம்பத்துலயும் தீண்டாமை குற்றம், மனிதத்தன்மை இல்லாததுன்னு வரியும் உண்டு. நாம யாராவது அதைப் படிச்சிருக்கோமா? நான் அந்தப் பக்கத்துல பேர், வகுப்பு, பிரிவு எழுதி, மிச்ச இடத்துல கிரிக்கெட் ஸ்கோர் போட்டிருக்கேன்.

சிக்கல் என்னன்னா, இந்தத் தலைவர்கள் எல்லாம் ரெண்டு மார்க் கேள்வியா வர்றாங்க. பிறந்த ஊர், நடத்தின பத்திரிகை, பங்கெடுத்த மாநாடு. எதுக்காகப் போராடினாங்கன்னா, ஒடுக்கப்பட்ட மக்களுக்காக. யார் ஒடுக்கினாங்க? அது புத்தகத்துல செயப்பாட்டு வினையிலேயே நின்னுடும். 'அனுமதி மறுக்கப்பட்டது', 'உரிமை பறிக்கப்பட்டது'. மழை பெய்யற மாதிரி அதுவா நடந்தது போல. கோயம்புத்தூர்ல சீனிவாசன் தனியா உட்கார்ந்து படிச்சது பாடத்துல வந்தா, ஒரு பதிமூணு வயசுப் பிள்ளைக்கு ஒண்ணு தோணும்: அப்போ மத்த 399 பேரும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?

இந்த இடத்துல நம்ம ஜில்லாவைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும். ஏன்னா இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டரா இருந்தவர் ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர். நம்ம வாயில நுழையாத பேர், பரவாயில்லை. அவர் இந்த ஜில்லாவுல இருந்த பறையர் மக்களோட நிலைமையை ஊர் ஊரா விசாரிச்சு அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதுல அவர் சொன்ன விஷயம் 'இவங்க ரொம்ப ஏழைங்க'ங்கறது மட்டும் இல்லை. ஏன் ஏழைங்கன்னு சொன்னார். சேரியில குடிசை இருக்கற இடமே மிராசுதாரோட கட்டுப்பாட்டுல இருக்கு. கூலி போதலைன்னு இன்னொருத்தர்கிட்ட வேலைக்குப் போனா, குடியிருக்கற இடம் போயிடும். தரிசு நிலத்தை அரசுகிட்ட விண்ணப்பம் போட்டு வாங்கலாம்னு சட்டம் இருக்கு, ஆனா அதுலயும் முதல் உரிமை மிராசுதாருக்குத்தான். அதாவது, எந்த மிராசுதாரும் தனிப்பட்ட முறையில கெட்டவரா இருக்கவே வேண்டாம். நல்லவராவே இருக்கட்டும், பொங்கலுக்குத் துணி எடுத்துக்கூடக் கொடுக்கட்டும். ஏற்பாடு அது பாட்டுக்கு வேலை செய்யும்.

அமைப்புன்னு சொல்றோமே, அதுக்கு இதைவிட எளிமையான விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்தக் குறிப்போட விளைவாத்தான் 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. தரிசு நிலத்தை அந்த மக்களுக்கு ஒதுக்கலாம், குறிப்பிட்ட காலம் விக்கக் கூடாது, அதுக்கு அப்புறமும் வேற சாதிக்காரங்களுக்குக் கைமாறக் கூடாதுன்னு நிபந்தனை. இதைத்தான் பஞ்சமி நிலம்னு சொல்றோம். அந்த நிலம் எல்லாம் இன்னைக்கு யார் கையில இருக்குங்கறது தனிக் கதை. 1994 அக்டோபர்ல இதே செங்கல்பட்டுப் பக்கம், காரணையில பஞ்சமி நிலத்தை மீட்கணும்னு நடந்த போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து ரெண்டு பேர் செத்துப் போனாங்க.

அதே காலகட்டத்துலதான் பள்ளிக்கூடமும் வருது. 1893-ல் பஞ்சமர் கல்விக்குன்னு தனி அரசாணை. அதுக்காகக் கத்தினவங்கள்ல திருவள்ளூர்ல இருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி முக்கியமானவர். 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூர்ல பறையர் பிள்ளைங்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார், அது இன்னைக்கும் இருக்கு. ஏன் தனிப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டுச்சு? அரசாங்கப் பணத்துல நடந்த பொதுப் பள்ளிக்கூடம் பல ஊர்ல அக்ரகாரத்துலயோ கோயில் சத்திரத்துலயோ இருந்துச்சு. எல்லாரும் வரலாம்னு காகிதத்துல இருக்கும். ஆனா அந்தத் தெருவுக்குள்ள கால் வைக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குக் கதவு திறந்திருக்கு, தெருவுக்கு இல்லை. சீனிவாசன் 1924-ல் ஏன் தெருவைப் பிடிச்சுக்கிட்டார்னு இப்போ புரியும்.

சரி, இதையெல்லாம் பாடத்துல வெச்சா என்ன ஆகும்? வெச்சுப் பார்த்திருக்கோம். வெச்சு எடுத்தும் இருக்கோம்.

சி.பி.எஸ்.இ.ல படிச்சவங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் ஞாபகம் இருக்கலாம். உடையோட சமூக வரலாறுன்னு ஒரு பாடம். அதுல திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டம் இருந்துச்சு. இன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டமா இருக்கற பகுதியில, சாணார்னு அப்போ சொல்லப்பட்ட நாடார் பெண்கள் மேலாடை போடக் கூடாதுன்னு இருந்ததையும், அவங்க போட்டப்போ அடிச்சுக் கிழிச்சதையும், பல பத்தாண்டுப் போராட்டத்துக்கு அப்புறம் 1859-ல் மகாராஜா அனுமதி கொடுத்ததையும் சொல்ற பாடம். அந்த அனுமதியிலயும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் உடுத்தற மாதிரி உடுத்தக் கூடாது. இதைவிடப் பிள்ளைங்களுக்குப் புரியற உதாரணம் கிடைக்குமா?

2012-ல் தமிழ்நாட்டுல இதுக்குப் பெரிய எதிர்ப்பு. நாடார்கள் எங்கிருந்தோ பிழைக்க வந்தவங்க மாதிரி பாடம் காட்டுது, சமூகத்தை இழிவுபடுத்துதுன்னு சமூக அமைப்புகள் கேட்டாங்க, பல கட்சிகளும் சேர்ந்துக்கிட்டாங்க. 2016 டிசம்பர்ல சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை அனுப்பிச்சு: அந்தப் பகுதியில இருந்து 2017 தேர்வுல கேள்வி வராது. 2019-ல் என்.சி.இ.ஆர்.டி. அந்தப் பாடத்தையே புத்தகத்துல இருந்து எடுத்துடுச்சு.

நான் இதுல எதிர்த்தவங்களை லேசா ஒதுக்கித் தள்ள மாட்டேன். அவங்க அடிச்சவங்களோட வாரிசு இல்லை, அடிவாங்கினவங்களோட வாரிசு. வகுப்புல முப்பது பேர் நடுவுல உட்கார்ந்து 'உங்க பாட்டிக்கு இப்படி நடந்துச்சு'ன்னு கேட்கற ஒரு பதினாலு வயசுப் பொண்ணோட வலி உண்மையான வலி. பாடத்துல தப்பா இருந்த சொல்லைத் திருத்தியிருக்கலாம். ஆனா நடந்தது திருத்தம் இல்லை, நீக்கம். அடிவாங்கினவங்களுக்கு அந்தப் பாடத்துல ஒரு வெற்றியும் இருந்துச்சு, அதுவும் சேர்ந்து போச்சு. அடிச்சவங்க பேர் புத்தகத்துல இருந்து எந்தச் செலவும் இல்லாம மறைஞ்சுது.

அமெரிக்காவுல இதே வாதம் தலைகீழா நடக்கும். ஃபுளோரிடாவுல 2022-ல் ஒரு சட்டம் போட்டாங்க: கடந்த காலத்துல தன் நிறத்தவர் செஞ்சதுக்காக எந்தப் பிள்ளையும் குற்ற உணர்ச்சி அடையணும்ங்கற மாதிரிப் பாடம் நடத்தக் கூடாது. அங்க கவலை வெள்ளைக்காரப் பிள்ளைங்களைப் பத்தி. கலிஃபோர்னியாவுல நம்ம ஆளுங்களே ஒரு ரவுண்டு போட்டாங்க. 2005-லயும், திரும்ப 2016-லயும், ஆறாம் ஏழாம் வகுப்புப் பாடத்துல சாதி பத்தி வர்றதை மாத்தணும்னு சில இந்து அமைப்புகள் கேட்டாங்க. எங்க பிள்ளைங்களைக் கிளாஸ்ல கிண்டல் பண்றாங்கன்னு காரணம். அங்க இருக்கற தலித் அமைப்புகள் எதிர்த்து நின்னாங்க. அம்பத்தூர்ல படிச்சு, ஃபிரீமாண்ட்ல வீடு வாங்கின ஒரு குடும்பம், பிள்ளையோட பாடப்புத்தகத்துல சாதி வேண்டாம்னு மனு போடறதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மேட்ரிமோனியல் சைட்டுக்கு யாரும் மனு போட்டதா நான் கேள்விப்படலை.

இப்போ வாட்ஸ்அப் கேள்விக்கு வருவோம். சொன்னாத்தானே தெரியும்? 1940-கள்ல அமெரிக்காவுல கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு உளவியல் படிச்ச ஒரு கறுப்பினத் தம்பதி ஒரு சோதனை பண்ணினாங்க. மூணு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் கறுப்பினக் குழந்தைங்க முன்னாடி, நிறத்தைத் தவிர எல்லாம் ஒரே மாதிரி இருக்கற பொம்மைங்களை வெச்சு, எது நல்ல பொம்மைன்னு கேட்டாங்க. நிறையக் குழந்தைங்க வெள்ளைப் பொம்மையைக் காட்டினாங்க. அந்தக் குழந்தைங்களுக்கு யாரும் பாடம் நடத்தலை. பல குழந்தைங்களுக்கு இன்னும் எழுத்தே தெரியாது. பள்ளிக்கூடத்துல நிறப் பிரிவினை கூடாதுன்னு 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ இந்த ஆய்வும் அதுல குறிப்பிடப்பட்டுச்சு.

நமக்குப் பொம்மை வேண்டாம், கயிறே போதும். 2019-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பிச்சு. சில பள்ளிகள்ல பசங்க சிவப்பு, மஞ்சள், பச்சை, காவின்னு சாதிக்கு ஒரு நிறமா கையில கயிறு கட்டிக்கறாங்க, அதை வெச்சு விளையாட்டுக்கு டீம் பிரிக்கறாங்க, சாப்பிடும்போது சேர்ந்து உட்கார்றாங்க, தடுக்கணும்னு. எதிர்ப்பு வந்ததும், தனக்குத் தெரியாம போன சுற்றறிக்கைன்னு அன்றைய கல்வி அமைச்சரே பின்வாங்கிட்டார். எந்த நிறம் எந்தச் சாதின்னு எந்தப் பாடப்புத்தகமாவது சொல்லிக்கொடுத்துச்சா? பசங்க தாங்களாவே கத்துக்கிட்டு, தேர்ச்சியும் ஆயிட்டாங்க. சொன்னாத்தான் தெரியும்னு சொல்றவங்க, இந்தப் பாடத்தை யார் நடத்தினாங்கன்னு சொல்லட்டும்.

பேரை எடுத்துட்டா போயிடும்ங்கறது நம்ம ஊரோட ரொம்ப நாள் நம்பிக்கை. எம்.ஜி.ஆர். ஆட்சியில தெருப் பேர்ல இருந்த சாதியை எடுத்தாங்க. நல்ல எண்ணம்தான். டாக்டர் நாயர் ரோடு, டாக்டர் ரோடு ஆச்சு, எந்த டாக்டர்னு தெரியாம. 2021-ல் பாடப்புத்தகத்துல உ.வே.சாமிநாதையர், சாமிநாதர் ஆனார். 2025-ல் அரசு ஆவணங்கள்ல 'காலனி'ங்கற சொல்லை எடுக்கறதா முதலமைச்சர் சட்டசபையில அறிவிச்சார். இந்தக் கடைசி விஷயத்தை நான் வரவேற்கிறேன், ஏன்னா அந்தச் சொல்லை அட்ரஸ்ல எழுதறவங்களுக்குத்தான் அதோட எடை தெரியும். ஆனா பலகையில பேர் மாறினாலும் ஊருக்கு அந்தப் பக்கம் எதுக்கு ஒரு தனித் தெரு வந்துச்சுன்னு ஒரு பிள்ளை கேட்டா, பதில் சொல்ல டீச்சர்கிட்ட ஏதாவது இருக்கணும்.

எப்படி நடத்தறதுங்கறதுதான் கஷ்டம். பாடம் நடத்தணும்னு உறுதியா சொல்ற எனக்கும் இங்க ஒரு பயம் இருக்கு. டீச்சர் 'இன்னைக்கு சாதி'ன்னு ஆரம்பிச்ச உடனே, வகுப்பு மொத்தமும் ஒரு பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும். ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டுக்கு எழுந்து நின்ன அதே ஆறு பேரை. அப்போ பாடமே இன்னொரு லிஸ்ட் ஆயிடும். சந்துரு அறிக்கையில எனக்கு ரொம்பப் பிடிச்சது பெரிய கொள்கை எதுவும் இல்லை. உதவித்தொகை விஷயத்தை வகுப்புல சொல்லக் கூடாது, தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டுத்தான் சொல்லணும், வருகைப் பதிவேட்டுல சாதி விவரம் இருக்கக் கூடாதுங்கற பரிந்துரைகள்தான். இதை எழுதணும்னா, வகுப்பறையில எந்த இடத்துல வலிக்கும்னு யாரோ ஒருத்தர் உட்கார்ந்து கேட்டிருக்கணும்.

பாடத்தை எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டா, நான் பூந்தமல்லியில ஆரம்பிப்பேன். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சிபுரம் வரதருக்கு விசிறி வீசின பக்தர், வைசியர். ராமானுஜர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்ட கதை வைணவ குருபரம்பரையில வரும். பெரியவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிடணும்னு ராமானுஜருக்கு ஆசை. அவர் வெளிய போயிருந்த நேரத்துல நம்பி வந்துட்டார். ராமானுஜரோட மனைவி மரியாதையா சாப்பாடு போட்டாங்க. அவர் போனதும் மிச்சத்தை வெளிய கொட்டி, இடத்தைக் கழுவி, தானும் தலைக்குக் குளிச்சுட்டாங்க. ராமானுஜருக்கு அது பெரிய வருத்தம்.

இந்தக் கதையைச் சொல்றவங்க வழக்கமா அந்தம்மாவை வில்லி ஆக்கிடுவாங்க. நான் வகுப்புல கேட்பேன்: அவங்க அன்னைக்குச் செஞ்சது தப்புன்னு அவங்களுக்கு யாராவது அதுக்கு முன்னாடி சொல்லியிருப்பாங்களா? சின்ன வயசுல இருந்து அம்மா, பாட்டி எல்லாரும் செஞ்சதைத்தானே செஞ்சாங்க? கோபம் இல்லை, திட்டலை, பசியோட அனுப்பலை. கழுவினாங்க, அவ்வளவுதான். எங்க கிளாஸ் டீச்சர் லிஸ்ட் வாசிச்ச மாதிரி. இந்தக் கேள்வியில வகுப்பு யாரையும் திரும்பிப் பார்க்காது. அவங்கவங்க வீட்டுல தனியா வெச்சிருக்கற டம்ளர் ஞாபகம் வரும். வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்குக் காபி கொடுக்கற டம்ளர்.

அதுக்கு அப்புறம் டிரெமென்ஹீர். அப்புறம் சொந்த ஊரோட பழைய நில வரைபடம். ஏரி எங்க, ஊர் எங்க, சேரி எங்க, கோயில் எங்க, பள்ளிக்கூடம் எந்தத் தெருவுல. யார் எவ்வளவு தூரம் நடக்கணும்னு பிள்ளைங்களே அளந்து பார்க்கட்டும்.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி என் பெஞ்சுக்காரனுக்குப் போன் பண்ணினேன். அவன் பொண்ணு இப்போ ஆறாவது. கதையைச் சொல்லட்டுமான்னு கேட்டேன். பஸ் விஷயம் எனக்குத் தெரியும்னு சொன்னப்போ கொஞ்ச நேரம் அமைதியா இருந்தான். அப்புறம் சிரிச்சான். "மாவு வாங்கணும்னு சொல்வேன் இல்ல? அந்தக் கடைக்காரரே ஒரு நாள் கேட்டார், தினமும் எதுக்குப்பா கடை வாசல்ல நிக்கறேன்னு"ன்னான்.

பாடம் நடத்தணுமா வேண்டாமான்னு கேட்டேன். "நடத்தட்டும்டா. ஆனா நடத்தறதுக்கு முந்தின நாள் எனக்குச் சொல்லணும். அன்னைக்கு அவளை லீவு போடச் சொல்றதா அனுப்பறதான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்"னான். நான் மேல பேசினதையெல்லாம் அவன்கிட்டயும் பேசிப் பார்த்தேன். கேட்டுக்கிட்டான், ஒத்துக்கலை.

கதையைச் சொல்லிக்கோன்னான், பேர் மட்டும் வேண்டாம்னான். அப்புறம் போனை வைக்கப் போனவன், "அந்த ஸ்டாப் பேரும் வேண்டாம்டா"ன்னான். சொல்லலை.